மாநகராட்சி நோட்டீஸ் வந்த வீடுகளில் வேலை பிடிக்க முடியுமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் பிளம்பிங், கட்டட ரிப்பேர் எடுக்கிறவர் கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் எல்லா நோட்டீசும் உங்களுக்கு வேலை ஆகாது. அனுமதியில்லாத மாடி, பக்கவாட்டில் விடவேண்டிய இடத்தை விழுங்கிய சுவர் என்றால் அது வக்கீலுக்கும் இடிக்கிறவருக்குமான சமாச்சாரம். ஒதுங்கிவிடுங்கள்.

உங்களுக்கு உரியது சரிசெய்யக்கூடிய குறைகள். கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் விட்டிருப்பது வடசென்னையில் சகஜம். அதைப் பிரித்து முறையான கழிவுநீர் இணைப்புக்குக் கொண்டுபோக வேண்டும். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது போட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டிகள் பல தூர்ந்து கிடக்கின்றன. ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து சன்ஷேடு பெயர்ந்து விழும். இதற்கெல்லாம் நோட்டீசுக்குக் காத்திருக்கவே வேண்டாம், தெருவில் நடந்தாலே தெரியும்.

நோட்டீஸ் விவரம் வேண்டுமானால் மாநகராட்சியின் தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டல அலுவலகங்களுக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. உரிமையாளர் பெயரைக் கேட்டால் மறுத்துவிடலாம். எந்தத் தெருவில், எந்த வகைக் குறைக்கு, எத்தனை நோட்டீஸ் என்று மட்டும் கேளுங்கள். அலுவலகத்தில் காசு கொடுத்துப் பட்டியல் வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம்.

அப்புறம், கதவைத் தட்டும்போது மாநகராட்சி ஆள் போலப் பேசாதீர்கள். “சார், இந்த வேலைக்கு இவ்வளவு ஆகும்” என்று எழுத்தில் கொடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுத்துக் கொடுத்தால், வீட்டுக்காரர் நோட்டீசுக்கான பதிலோடு இணைத்துக்கொள்வார். அடுத்த வீட்டுக்கு உங்கள் நம்பரைக் கொடுப்பவரும் அவரே.