நான்காவதாக வந்தவனின் உறுதி

அன்புள்ள ஐயா,

கல்லூரிக் காலத்தில் உங்களுடன் நெடுந்தூரம் ஓடிய தோழர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். நானும் தொண்ணூறுகளில் பெங்களூரில் ஒரு கல்லூரி அணியில் ஓடியவன். வலியைப் பொருட்படுத்தாதவர்களோடு ஓடி வளர்ந்த எனக்கு, கப்பன் பூங்காவில் ஓடும் என் மகன் கைக்கடிகாரம் ஓய்வெடுக்கச் சொன்னதும் நின்றுவிடுவதை ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்து உறுதி உண்மையானதுதானா, அல்லது வயது ஏற ஏற நமக்கு அப்படித் தோன்றுகிறதா?

எஸ்., அல்சூர்

*

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

அந்த உறுதி உண்மையானதுதான். ஆனால் அதை வலி தாங்கும் திறன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், என்னுடன் ஓடியவர்களுக்கு நான் நியாயம் செய்தவன் ஆகமாட்டேன்.

எங்கள் அணியில் கோலார் தங்கவயலைச் சேர்ந்த நண்பன் ஒருவன் இருந்தான். அவன் தந்தை சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் வரை செல்லும் அந்தச் சுரங்கத்தில், வேலை பார்த்தவர். நண்பன் அல்சூரில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். வேகத்தில் அவன் எங்களில் நான்காமவன். பெரும்பாலும் நான்காவதாகவே வந்தான். மண்ணிலும் புல்லிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் கிராஸ் கன்ட்ரி போட்டியில் அந்த இடத்தின் அருமை அணியில் ஓடிய உங்களுக்குத் தெரியும். ஆறு பேர் ஓடினால், முதலில் முடிக்கும் நால்வரின் இடங்களைக் கூட்டி, எந்த அணியின் கூட்டுத்தொகை குறைவோ அந்த அணிக்கு வெற்றி. முன்னால் ஓடுபவன் மூன்றாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தால் கூட்டம் கைதட்டும். நான்காமவன் நாற்பதாம் இடத்திலிருந்து முப்பத்தெட்டாம் இடத்துக்கு வந்தாலும் அணியின் கூட்டுத்தொகையில் குறைவது அதே இரண்டு புள்ளிகள்தான், ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை. யாரும் பார்க்காத அந்தக் கடைசி அரை கிலோமீட்டரில், சேறு அப்பிய காலோடு, முன்னால் போகும் முதுகுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வருவான் அவன். பதக்க மேடையில் அவன் தனியாக ஏறியதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் நான் கண்ட ஓட்டக்காரர்களில் அவனைவிட உறுதியான ஒருவரைச் சொல்லத் தெரியவில்லை.

கண்டீரவா மைதானத்தில் பத்தாயிரம் மீட்டர், அதாவது இருபத்தைந்து சுற்று, சேர்ந்து ஓடிப் பழகும்போதும் அவன் அப்படித்தான். காற்று எதிர்த்து வீசும் பக்கத்தில் முன்னால் செல்பவருக்குச் செலவாகும் சக்தி அதிகம், பின்னால் ஒட்டி வருபவருக்குக் குறைவு என்பதால் முறை வைத்து முன்னே செல்வோம். தன் முறை இல்லாதபோதும், எங்களில் ஒருவர் தளர்வதை மூச்சுச் சத்தத்திலேயே அறிந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் முன்னே வந்து எதிர்காற்றைத் தன் மேல் வாங்கிக்கொள்வான். நெடுந்தூர ஓட்டம் தனிமனித விளையாட்டு என்று பலர் எழுதுகிறார்கள். அவன் பின்னால் ஓடிய எனக்கு அதை ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

இனி வலிக்கு வருகிறேன். நாங்கள் தாங்கிய வலிகள் ஒரே வகையானவை அல்ல. லால்பாக் பாறையில் ஏறி இறங்கும் பயிற்சிக்கு மறுநாள் விடுதிப் படிக்கட்டில் பக்கவாட்டாகத்தான் இறங்குவோம். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையை அதிகம் வதைக்கும், ஏனெனில் உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே தசை நீள வேண்டியிருப்பதால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும் அந்த வலி பிறகு தானாகவே தணியும், தசையும் அடுத்த இறக்கத்துக்குப் பழகிவிடும். அதைத் தாங்கியதில் நமக்குப் பெருமை இருக்கலாம்.

எலும்பு வலி அப்படிப்பட்டதல்ல. தொடர்ந்து அதிர்வைத் தாங்கும் எலும்பு தன்னைச் சிறிது கரைத்துக்கொண்டு மீண்டும் கட்டிக்கொள்கிறது. கரைவது விரைவாகவும் கட்டுவது மெதுவாகவும் நடப்பதால், இடையில் ஓய்வு இல்லாவிட்டால் மயிரிழை விரிசல் விழுகிறது. ஓசூரிலிருந்து வந்த எங்கள் அணித்தோழன் ஒருவனுக்கு முன்னங்கால் எலும்பில், விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலி தொடங்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான், நாங்கள் எல்லோரும் அவனைப் போற்றினோம். எங்கள் அப்போதைய பயிற்சியாளர், இந்திய நெடுந்தூர ஓட்டக்காரர் சிவ்நாத் சிங்கை உதாரணம் காட்டுவார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆவது இடம், 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம், அதுவும் வெறுங்காலோடு ஓடிப் பழகிய மனிதர். அந்த உதாரணத்தில் பிழையில்லை, ஆனால் அந்தக் கால்கள் ஆண்டுக்கணக்கில் அப்படிப் பழகி இறுகியவை என்பதை யாரும் ஓசூர்த் தோழனிடம் சொல்லவில்லை. விரிசல் முறிவாகி, கட்டுப்போட்டு, அவன் பிறகு பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை. அவனிடம் இருந்த மன உறுதியில் எனக்கு ஐயமில்லை. அது வீணாக்கப்பட்டது என்பதுதான் இன்றுவரை என் வருத்தம். அவனோடு ஒப்பிட்டு இன்றைய பிள்ளைகளைக் குறை சொல்ல என்னால் முடியாது.

ஆகவே உங்கள் மகன் ஓய்வெடுப்பதில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. கடிகாரம் இதயத் துடிப்பையும் தூக்கத்தையும் வைத்துக் கணக்குப் போடும், ஆனால் எந்த எலும்பில் எந்த இடத்தில் வலிக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை அவரே கவனிக்கப் பழக வேண்டும், நீங்கள் அதைக் கற்றுக்கொடுக்கலாம். நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: அவர் யாரோடு ஓடுகிறார்? தனியாகத்தான் என்றால் ஓர் அணியிலோ குழுவிலோ சேரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவில் வாகனங்கள் இல்லை, நாலைந்து பேர் சேர்ந்து பேசாமல் ஓடுவதற்கு அதைவிட நல்ல இடம் நகரத்துக்குள் குறைவு. முடிந்தால் நீங்களும் கூடப் போய், முதல் இரண்டு கிலோமீட்டராவது அவருக்கு முன்னால் ஓடி எதிர்காற்றை உங்கள் மேல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்