எமுலேட்டர் இருக்கட்டும், ஹார்ட் டிஸ்க் யாருக்கெல்லாம் போனது?

கேள்வி: சிறு வயதில் விளையாடிய வீடியோ கேம் கன்சோல் பழுதாகிவிட்டது. விளையாட்டுகள் பதிந்த கார்ட்ரிட்ஜ்கள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அந்த விளையாட்டுகளை நிறுவனம் இப்போது விற்பதே இல்லை. அதனால் கன்சோலைப் போலவே கணினியை இயங்கவைக்கும் எமுலேட்டர் மென்பொருளை நிறுவி, இணையத்தில் கிடைத்த ரோம் கோப்புகளை, அதாவது அந்த விளையாட்டுகளின் பிரதிகளை, இறக்கி விளையாடினேன். கேட்டவர்களுக்கு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியும் கொடுத்தேன். செலவுக்கு மட்டுமே பணம் வாங்கினேன். இப்போது பதிப்புரிமை மீறல் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. எமுலேட்டர் சட்டப்படி செல்லும் என்கிறார்களே! ரசிகனையே குற்றவாளியாக்குவது என்ன நியாயம்?

பதில்: நியாயத்தை ஒதுக்கி வையுங்கள். கன்சோல் பழுதானது, நிறுவனம் கைவிட்டது, நீங்கள் தீவிர ரசிகர் என்பவை எதுவும் வழக்கில் எடுபடாது. விற்பனையை நிறுத்தியதால் உரிமை போய்விடுவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி ஒரு நிறுவனம் 1985இல் வெளியிட்ட விளையாட்டுக்கு 2080 முடியும்வரை பாதுகாப்பு உண்டு.

எமுலேட்டர் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். 2000ஆம் ஆண்டில் சோனி – கனெக்டிக்ஸ் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் தயாரித்த கனெக்டிக்ஸ் பக்கமே நின்றது. ஆனால் உங்களுக்கு வந்து, நீங்கள் எனக்கு அனுப்பிய நோட்டீஸில் எமுலேட்டர் என்ற சொல்லே இல்லை. அதில் இருப்பது நீங்கள் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கின் கோப்புப் பட்டியலும், பணம் வந்ததற்கான ரசீதும். பிரதி எடுத்துப் பணத்துக்குக் கொடுத்தீர்களா என்பது ஒன்றே கேள்வி. கொடுத்தீர்கள். அதைச் செலவுக் காசு என்று அழைத்தாலும் காசு காசுதான்.

கார்ட்ரிட்ஜ் கையில் இருப்பதும் பெரிதாக உதவாது. சொந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து நீங்களே காப்புப் பிரதி எடுத்திருந்தால் சில நாடுகளில் வாதாட இடம் உண்டு. இறக்கியது வேறு யாரோ எடுத்த பிரதி. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட்டால் குற்றமில்லை என்று ரோம் தளங்களில் எழுதியிருப்பதும் வெறும் கதை. மேலும் அந்தப் பட்டியலில் எஸ்சிபிஎச்1001 என்ற கோப்பு இருக்கிறது. அது பிளேஸ்டேஷன் கன்சோலை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ், சோனியின் சொத்து. கனெக்டிக்ஸ் தன் பயாஸைத் தானே எழுதி விற்றது, அதனால்தான் தப்பித்தது. நீங்கள் சோனியுடையதையே அப்படியே வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

இனி நான் உண்மையில் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இத்தகைய வழக்குகளில் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் நோட்டீஸ் வந்த பிறகு செய்ததால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். பிறகு நண்பர்கள் குழுவில் ‘எல்லாரும் உடனே அழித்துவிடுங்கள்’ என்று செய்தி போடுகிறார்கள். அந்த ஒரு வரி எதிர்த்தரப்புக்குக் கிடைத்தால் போதும். தவறு என்று தெரிந்தே செய்ததற்கும், சாட்சியத்தை ஒழிக்க முயன்றதற்கும் அதுவே ஆதாரமாகிவிடும். டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். யாருக்கும் இனி கொடுக்காதீர்கள். எதையும் அழிக்காதீர்கள்.

அடுத்த பொறி, நீங்களே உட்கார்ந்து எழுதும் உருக்கமான பதில். ‘ஏழெட்டுப் பேருக்குத்தான் கொடுத்தேன்’ என்று எழுதினால், கொடுத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். எண்ணிக்கை பிறகு மாறினால் பொய்யர் என்ற பெயரும் சேரும். ரோம் கோப்புகளை வழங்கிய ரோம்யூனிவர்ஸ் தளத்தை நடத்தியவர், நின்டெண்டோ நிறுவனம் தொடுத்த வழக்கில், வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். கோப்புகளைத் தானே பதிவேற்றியதாகச் சத்தியப் பிரமாணத்தில் சொல்லிவிட்டு, பிறகு பதிவேற்றவே இல்லை என்று மனு போட்டார். நீதிமன்றம் அந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியது. 2021இல் நின்டெண்டோவுக்கு ஏறத்தாழ 21 லட்சம் டாலர் தரும்படி தீர்ப்பானது. அமெரிக்காவில் நஷ்டத்தை நிரூபிக்காமலே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக இழப்பீடு கேட்கலாம். வேண்டுமென்றே மீறியிருந்தால் ஒன்றுக்கு 1,50,000 டாலர் வரை போகும். உங்கள் டிஸ்க்கில் நூற்றுக்கணக்கில் ஏற்றியிருக்கிறீர்கள்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். இதில் வென்று காட்ட எதுவும் இல்லை. ஆனால் நோட்டீஸுடன் இணைத்திருக்கும் உறுதிமொழியில் அப்படியே கையெழுத்திட வேண்டாம். ‘விநியோகித்த பிரதிகள் அனைத்தும் அழிக்கப்பட்டன’ என்று அதன் மூன்றாவது பத்தி சொல்கிறது. மற்றவர்கள் வீட்டில் இருப்பதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பேற்பீர்கள்? நாளை அதில் ஒன்று வெளியே வந்தால், உறுதிமொழியை மீறியதாகப் புதிய வழக்கு வரும்; அப்போது உங்களுக்குத் தற்காப்பே இருக்காது. ‘என் வசமும் என் கட்டுப்பாட்டிலும் உள்ள பிரதிகள்’ என்று திருத்தச் சொல்லுங்கள். நோட்டீஸில் பெயர் வராத விளையாட்டுகள் உட்பட, இதுவரை நடந்த எதற்கும் இனிக் கோரிக்கை இல்லை என்று அவர்களிடம் எழுதி வாங்குங்கள். பெரும்பாலானோர் இதைக் கேட்க மறந்துவிட்டு, பணமும் கட்டிய பிறகு அடுத்த பட்டியலோடு வரும் இன்னொரு நோட்டீஸை என் மேசையில் கொண்டுவந்து வைக்கிறார்கள். பதில் உங்கள் வக்கீலின் கடிதத்தாளில், ஐந்தாறு வரிகளில், கெடு முடிவதற்குள் போகட்டும். கார்ட்ரிட்ஜ்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட வேண்டாம்.