கெரிஸ் எந்த ஊருன்னு பிடியை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க

கேள்வி: எங்ககிட்ட பழைய மலாய் கெரிஸ், அதாவது குத்துவாள், ஒண்ணு இருக்கு. பிடி பறவைத் தலை மாதிரி சடார்னு மடங்கியிருக்கு. ஒருத்தர் இந்தோனேசியாவுல சுலாவெசித் தீவுல இருக்குற பூகிஸ் இனத்துக்காரங்க கெரிஸ்ங்கிறார், இன்னொருத்தர் மலாயாவுலயே செஞ்சதுங்கிறார். யாரை நம்புறது?

பதில்: ரெண்டு பேரும் பிடியைப் பாத்துதான் சொல்லியிருப்பாங்க, சிக்கலே அங்கதான். கெரிஸ் கைமாறும்போதெல்லாம் பிடி, வளையம், உறைன்னு எல்லாத்தையும் மாத்திடுவாங்க, ஜாவாவுல அடிச்ச அலகு, அதாவது குத்துற இரும்புப் பகுதி, வியாபாரத்துலயோ சீதனமாவோ சுமத்ராவுக்குப் போயி அங்கத்திய பிடியோட நிக்கிறது ரொம்ப சாதாரணம். அதனால பிடியும் உறையும் அது கடைசியா எந்த ஊர்க்காரர் இடுப்புல இருந்துச்சுன்னுதான் சொல்லும், எங்க அடிச்சாங்கன்னு அலகைத்தான் கேக்கணும்.

பூகிஸ் விஷயத்துல இன்னொரு குழப்பமும் இருக்கு. 18-ஆம் நூற்றாண்டுல பூகிஸ்காரங்க ரியாவ் தீவுகள், மலாய் தீபகற்பத்துல ஜொகூர், சிலாங்கூர்னு பரவி பெரிய செல்வாக்கோட இருந்தாங்க, சிலாங்கூர் சுல்தான் வம்சமே பூகிஸ் வழிதான். அவங்க பிடியும் படகு மாதிரி அகலமான உறைத் தலையும், அதாவது சம்பிர், தீபகற்பத்துலயும் வேரூன்றிடுச்சு. பூகிஸ் பாணிங்கிறது வேற, சுலாவெசில செஞ்சதுங்கிறது வேற.

இப்ப உறையை விட்டு உருவி நல்ல வெளிச்சத்துல பாருங்க. குட்டையா, அகலமா, கனமா இருந்தா பூகிஸ் பக்கமோ தீபகற்பம் பக்கமோ இருக்கும். மெலிசா, கருப்பு இரும்புல வெள்ளிக்கோடு மாதிரி பாமோர், அதாவது அலகுல தெரியுற உலோகக் கோலம், பளிச்சுன்னு எழும்பி, தொட்டா கொஞ்சம் சொரசொரப்பா இருந்தா ஜாவா, ஏன்னா அங்க அலகை எலுமிச்சை சாறும் ஆர்சனிக்கும் போட்டு கருக்குறது வழக்கம். பாலி அலகு அதைவிட பெருசு, மேல்பரப்பும் வழவழன்னு தேய்ச்சிருக்கும். குச்சி மாதிரி ஒல்லியா, நேரா, நீளமா போனா அது கெரிஸ் பஞ்சாங், சுமத்ரா பக்கம் தேடுங்க. என்னைக் கேட்டா, அலகும் குட்டையா அகலமா இருந்தா உங்க குறிப்புல "பூகிஸ் பாணி"ன்னு மட்டும் எழுதி வைங்க, சுலாவெசின்னு ஊர் பேரை ஒட்டிடாதீங்க.

கேள்வி: பிடியில நீள மூக்கு வச்ச பூதம் மாதிரி முகம் இருக்கு. இது எந்தப் பக்கம்?

பதில்: அது தஜோங்ங்கிற பிடி வகை. தெற்கு தாய்லாந்துல பட்டானி, வடக்கு மலேசியாவுல கிளந்தான் வட்டாரம். இந்த ஒண்ணுல மட்டும் பிடியை நான் ரொம்பவே நம்புவேன், ஏன்னா இவ்வளவு பெரிய பிடிக்குன்னே சம்பிரும் நீளமா, பெருசா செதுக்குவாங்க, ரெண்டும் ஜோடியா பொருந்தி நின்னா ஊர் பத்தி சந்தேகம் அதிகம் வேண்டாம். அலகு மட்டும் வேற ஊர்ல இருந்து வந்திருக்கலாம், அதையும் உருவிப் பாத்துடுங்க.

கேள்வி: என் கெரிஸ்ல 8 வளைவு எண்ணினேன். அப்படி உண்டா?

பதில்: மரபுப்படி லுக், அதாவது அலகு வளைவு, எப்பவும் ஒத்தைப்படைதான், 7, 9, 13ன்னு. ரெண்டு பக்கத்தையும் மாத்தி மாத்தி அடியில இருந்து நுனி வரைக்கும் திரும்ப எண்ணுங்க, அடியில இருக்குற சின்ன வளைவு பெரும்பாலும் விட்டுப்போயிடும். அப்பவும் 8ன்னா நுனி உடைஞ்சு தேய்ச்சிருக்காங்களா பாருங்க.

கேள்வி: துரு ஏறிக் கிடக்கு, பித்தளை பாலிஷ் போட்டு பளபளன்னு ஆக்கலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேண்டாம்! பாமோரும் கருப்பும் போயிட்டா ஊரைக் கண்டுபிடிக்கிற பாதி அடையாளமும் அதோட போச்சு. லேசா எண்ணெய் தடவி, காய்ஞ்ச துணியால ஒத்தி எடுங்க. ஆர்சனிக் விஷம், அதை வீட்டுல தொடவே தொடாதீங்க.