திரைக் கேள்வி பதில்: மறுபடியும் ‘டெர்மினேட்டர் 2’

1991இல் வெளியான ‘டெர்மினேட்டர் 2’ படத்தை இத்தனை வருடம் கழித்து மறுபடி பார்க்கும் ராமநாதபுரம் கடற்கரை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்.

வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த டிவிடி வீட்டில் கிடந்தது. படம் 137 நிமிடம் என்கிறார்கள். இது 131 நிமிடத்தில் முடிகிறது. வெட்டிவிட்டார்களா? தம்பி வீட்டு பிளேயரில் ஓடவும் மாட்டேன் என்கிறது.
– வாசகர், கீழக்கரை

ஒரு காட்சியும் வெட்டுப்படவில்லை. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனி அசையாப் படம்) ஓடுகிறது. வளைகுடாவிலும் நம் நாட்டிலும் உள்ள ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறை டிவிக்கு 25 வேண்டும். அதனால் படத்தையே நாலு சதவீதம் வேகமாக ஓடவிட்டு டிவிடியில் பதிந்துவிடுவார்கள். 137ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பாருங்கள், 131 சொச்சம் வரும். சுருதியைச் சரிசெய்யாத டிவிடி என்றால் அர்னால்டின் கட்டைக் குரலும் கொஞ்சம் மெலிந்துதான் கேட்கும்.

பிளேயரில் ஓடாததற்குக் காரணம் ரீஜன் பூட்டு, அதாவது ஒரு பகுதிக்கென விற்ற டிவிடி அந்தப் பகுதியின் பிளேயரில் மட்டும் ஓடும்படி போட்ட எண். வளைகுடா நாடுகளுக்கு எண் 2, இந்தியாவுக்கு 5. எல்லா ரீஜனும் ஏற்கும் பிளேயர் வேண்டும். கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை மாற்றலாம், ஆனால் ஐந்து முறைதான்; கடைசியாக வைத்த எண்ணிலேயே அது நின்றுவிடும்.

1993இல் வந்த நீண்ட பதிப்பும் ஒன்று உண்டு, ஏறத்தாழ 16 நிமிடம் கூடுதல். முதலில் 137 நிமிடப் பதிப்பைப் பாருங்கள், ஓட்டம் அதில்தான் கச்சிதம். பிறகு நீண்டதைப் பார்த்தால், உறைந்து நொறுங்கி மறுபடி ஒன்றுசேர்ந்த உருமாறும் உலோக வில்லன் டி-1000இன் கை கம்பியோடு ஒட்டிக்கொள்வதும், பாதம் தரையின் நிறத்துக்கு மாறுவதும் கிடைக்கும். வில்லன் ஏன் தடுமாறுகிறான் என்பது அப்போதுதான் முழுசாகப் புரியும்.

55 இஞ்ச் புது டிவியில் போட்டேன். சீரியல் பார்ப்பதுபோல் இருக்கிறது, முகமெல்லாம் மெழுகு. சின்ன வயதில் பார்த்த படம் இதுதானா?
– வாசகர், மண்டபம்

இங்கே கோளாறு ஒன்றல்ல, இரண்டு. சீரியல் தோற்றம் டிவியின் வேலை. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே தானாகப் புது ஃப்ரேம் செய்து நுழைக்கிறது. எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’ என்ற பெயரில் இருக்கும், அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டாலே போதும். ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் செட்டிங் தனித்தனியாக இருக்கலாம். பிளேயரில் மாற்றியது செட்டாப் பாக்ஸுக்குப் பொருந்தவில்லை என்றால் அதுதான் காரணம்.

மெழுகு முகம் பிரதியின் குற்றம். 2017இல் முப்பரிமாண மறுவெளியீட்டுக்காகத் தயாரித்த 4கே பிரதியில், ஃபிலிமுக்கே உரிய பொடிப் புள்ளிகளை (கிரெயின்) மட்டுமீறித் துடைத்துவிட்டார்கள். அதோடு தோலின் துளைகளும் சுருக்கங்களும் போய்விட்டன. டிவி செட்டிங்கால் அதை மீட்க முடியாது. ஷார்ப்னஸைக் கூட்டினால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட படத்துக்கு அப்படிச் செய்தது பெரிய பிழை.

வசனம் கேட்காமல் வெடிச்சத்தம் மட்டும் அதிர்கிறதா? ஆறு தடங்களாகப் பிரித்த 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வருவது. டிவி ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் பிளேயரில் ஒலியை ஸ்டீரியோவுக்கு மாற்றி, உரத்த சத்தத்தை அடக்கும் ‘நைட் மோட்’ போடுங்கள்.

அந்தக் காலத்து கிராபிக்ஸ் இன்றும் எப்படிப் பழசாகத் தெரியவில்லை? பாலத்துக்கு அடியில் ஹெலிகாப்டர் புகுவது நிஜமா?
– வாசகர், பாம்பன்

நிஜம். நெடுஞ்சாலை மேம்பாலத்துக்கு அடியில் உண்மையாகவே ஹெலிகாப்டரை ஓட்டிப் படமெடுத்தார்கள். முதல் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: கம்ப்யூட்டர் வேலை படத்தில் சில நிமிடங்கள்தான், மீதி கைவேலை. டி-1000இன் மார்பில் குண்டு பாய்ந்ததும் வெள்ளிப்பூ விரிகிறதே, அது சிறப்புத் தோற்றக் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டனின் குழு செய்த ஸ்பிரிங் பொறி. சட்டைக்குள்ளிருந்து வெடித்து விரியும். ஆஸ்பத்திரிக் காவலரும் அவர் உருவை எடுத்த டி-1000உம் இரட்டைச் சகோதரர்கள். நாயகி லிண்டா ஹாமில்டன் இருவராகத் தெரிய வேண்டிய இடங்களுக்கு அவருடைய இரட்டைச் சகோதரி இருந்தார். நீண்ட பதிப்பில், கண்ணாடி முன், எந்திர மனிதனாக வரும் அர்னால்டின் தலையிலிருந்து சிப்பை எடுக்கும் காட்சியை உற்றுப் பாருங்கள். அங்கே கண்ணாடியே இல்லை, சுவரில் ஓர் ஓட்டைதான்! இந்தப் பக்கம் பொம்மைத் தலை, அந்தப் பக்கம் நிஜ நடிகர். சகோதரிகள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்கிறார்கள்.

கம்ப்யூட்டருக்குக் கொடுத்ததோ கண்ணாடிபோல் மின்னும் உலோகம். அன்றைய கருவிகளுக்குத் தோலும் முடியும் கடினம், பளபளப்பு எளிது. முடிந்ததை மட்டும் அதனிடம் கேட்டார்கள்.

உலகம் அழிவதாகச் சொன்ன 1997 ஆகஸ்ட் 29 எப்போதோ போய்விட்டது. கதை செல்லாததாகிவிடாதா?
– வாசகி, தேவிபட்டினம்

ஆகாது. அந்த நாளைத் தடுக்கத்தானே அத்தனை பேரும் ஓடுகிறார்கள். வயதான நாயகி பூங்காவில் உட்கார்ந்து, அந்தத் தேதி சும்மா கடந்துபோனதைச் சொல்லும் முடிவு ஒன்றையும் எடுத்து, வெளியீட்டில் நீக்கினார்கள். நீக்கியது நல்லது.

பழைய விசிடியில் ஊசிமுனை ஓட்டைகள். உப்புக் காற்றாலா?
– வாசகர், தொண்டி

ஈரமும் உப்பும் அந்த அரிப்பை விரைவாக்கும். சிடியில் அலுமினியப் பூச்சு லேபிளுக்கு நேர் அடியில், மெல்லிய அரக்குக்குக் கீழே இருக்கிறது. அந்த அரக்கு கீறினால் உலோகம் அரிக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி தெரியும். அந்த இடத்தில் பதிந்தது திரும்பக் கிடைக்காது. டிவிடியில் பூச்சு 0.6 மி.மீ. தடிப்புள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கூடுதல் காலம் தாங்கும். துடைப்பதென்றால் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாக வேண்டாம், தின்னர் கூடவே கூடாது. மேலும், விசிடி 352×288 புள்ளிதான். இந்தப் படத்தின் நீல இரவுக் காட்சிகள் அதில் கட்டம் கட்டமாக உடையும். அதற்காக அதைக் காப்பாற்றப் பாடுபட வேண்டாம்.

ஒன்பது வயது மகளோடு பார்க்கலாமா?
– வாசகி, ஏர்வாடி

வேண்டாம். பால் டப்பாவைத் துளைத்துக்கொண்டு கத்தி வாய்க்குள் இறங்கும் காட்சியும், கைத்தோலை உரிக்கும் காட்சியும் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட, விளையாட்டுத் திடலில் குழந்தைகள் எரியும் கனவு பெரியவர்களையே உலுக்கும். அமெரிக்காவில் 17 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்ற ‘ஆர்’ சான்று இதற்கு.