புகை எழும்போது படம் திணறுவது ஏன்?

கேள்வி: கவுன்டர்-ஸ்டிரைக் 2 என்னும் துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டை விளையாடுகையில், புகைக்குண்டு வெடித்தவுடன் படம் திணறுகிறது. கிராபிக்ஸ் அமைப்புகள் அனைத்தையும் குறைத்துவிடலாமா?

பதில்: அனைத்தையும் குறைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் வெளிவந்த இவ்விளையாட்டில் புகை முப்பரிமாணமாகக் கணக்கிடப்படுவதால், அந்நேரத்தில் கிராபிக்ஸ் கார்டின் சுமை கூடுகிறது; வினாடிக்கு 144 முறை படம் மாறும் 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, கிடைப்பதோ ஏறத்தாழ 7 மில்லிவினாடிதான். ஆகவே முதலில் உருவங்களின் விளிம்புகளை மழமழப்பாக்கும் எம்.எஸ்.ஏ.ஏ. அமைப்பை 8 மடங்கிலிருந்து 2 மடங்காக்கி, ஒளி, பரப்பு ஆகியவற்றின் தோற்றத்தைக் கணக்கிடும் ஷேடரின் தரத்தையும் தாழ்த்துங்கள். நிழல்களில் மட்டும் கைவைக்காதீர்கள். மூலைக்கு அப்பால் பதுங்கியிருக்கும் எதிரியை அவருடைய நிழலே காட்டிக்கொடுக்கும் என்பதால், அதை இழப்பது மெய்யான நட்டம் என்றே கருதுகிறேன். ரெசொல்யூஷனைக் குறைத்தும் வேகம் கூடவில்லையெனில், தடை பெரும்பாலும் பிராசஸரில் இருக்கும். அப்போது, கணினியில் ஒரே ஒரு ராம் (நினைவகப் பலகை) இருந்தால், அதற்கு இணையாக இன்னொன்றையும் பொருத்துங்கள்; இரண்டும் சேர்ந்து பிராசஸருக்குத் தரவை விரைவாக அளிக்கும்.