சீட்டுக்கட்டைக் கலைத்தல்

வணக்கம் ஐயா,
கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய கார்பன் நானோ குழாய் எஃகைவிடப் பல மடங்கு வலுவானது என்று படிக்கிறோம். அப்படியானால் அதைக் கலந்த பிளாஸ்டிக்கும் எஃகை மிஞ்ச வேண்டாமா? 'நானோ' என்று அச்சிட்டு வரும் எதிலும் அந்த வலுவைக் காணோம். நானோ கலப்புப் பொருள் என்பதே விளம்பரச் சொல்தானா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாதி விளம்பரம்தான். மீதியைச் சொல்கிறேன்.

ஒற்றைக் குழாயின் வலு உண்மை. ஆனால் பிளாஸ்டிக் அதை இறுகப் பற்றினால்தான் சுமை குழாய்க்குப் போய்ச் சேரும். குழாய்களோ ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகிவிடும். ஓரத்தில் இருப்பவை சுமக்கும். உள்ளே இருப்பவை வழுக்கிக்கொள்ளும். ஓர் ஆய்வகத்தில் எபாக்ஸி பிசினில் குழாய்களைக் கலந்த குடுவையைப் பார்த்தேன். மீயொலி (அல்ட்ராசவுண்ட்) கொடுத்து முடித்தபோது மை போல ஒரே சீரான கறுப்பு. சூடாக்கியதும் கண்ணெதிரே திரிதிரியாகத் திரண்டுவிட்டது. மீயொலியைக் கூட்டினால் திரி கலையும். கூடவே குழாயும் ஒடியும்!

இந்த முடிச்சை அழகாக அவிழ்த்துக் காட்டியது களிமண். 1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் டொயோட்டா மத்திய ஆய்வகத்தார் நைலான்-6இல் மாண்ட்மோரில்லோனைட் களிமண்ணைச் சேர்த்தார்கள். மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்த அது ஒரு சீட்டுக்கட்டு. ஒரு சீட்டின் தடிமன் சுமார் 1 நானோமீட்டர், அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. முழுக்கக் கலைத்துப் போட்டால் 1 கிராமிலேயே 700 சதுர மீட்டர் பரப்பு தேறும். கலைப்பதுதான் பாடு. சீட்டுகளுக்கிடையே இருக்கும் சோடியம் அயனிகள் தண்ணீரை அழைக்கும், பிளாஸ்டிக்கை அண்டவிடாது. அந்தச் சோடியத்தை வெளியேற்றிவிட்டு, பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகும் நீண்ட கரிமவால் (கார்பன் சங்கிலி) கொண்ட அமோனியம் அயனிகளைக் குடியேற்றினார்கள். நைலானின் மூலப்பொருளான கேப்ரோலாக்டம் இப்போது தயங்காமல் உள்ளே புகுந்தது. அங்கேயே நைலானாக வளர்ந்து, வளர்கிற வேகத்தில் சீட்டுகளை விலக்கித் தள்ளியது. களிமண்ணை அப்படியே போட்டுக் கலக்கியிருந்தால் இது நடந்திருக்காது.

சேர்த்த களிமண் 5 சதவீதத்துக்கும் குறைவு. நைலானின் விறைப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. சுமையின்கீழ் வளையத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 65 டிகிரி செல்சியஸிலிருந்து 150ஐ எட்டியது. அதில் கார் எஞ்சினின் டைமிங் பெல்ட் உறையை வார்த்தார்கள். எஃகை மிஞ்சவில்லைதான், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் இளகாமல் நின்றது.

'நானோ' என்று அச்சிடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். டயருக்குக் கறுப்பைத் தரும் கார்பன் கரியின் துகள்கள் சில பத்து நானோமீட்டர் அளவுதான். ரப்பரின் தேய்மானத்தைக் குறைப்பதும் அதுவே. டயர்க்காரர்கள் அதை நூறாண்டுக்கும் மேலாகக் கலந்துவருகிறார்கள்; தொடங்கியபோது அச்சிட 'நானோ' என்ற சொல் புழக்கத்தில் இல்லை.