நீச்சல் தெரியாது, சைவம், அம்மாவுக்குப் பயம்: கல்லூரி திறப்பதற்கு முன் கேனோ பயணம் போகலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் இளங்கலை சேரப்போகிறீர்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே புது மாணவர்களை ஐந்து நாள் காட்டுக்குள் கூட்டிப்போகும் பயணத்துக்குப் படிவம் வந்திருக்கிறது, முதுகில் மூட்டையோடு நடக்கிறீர்களா, ஏரிகளில் கேனோ (துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு) ஓட்டுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு நீச்சல் தெரியாது, சைவம், வீட்டில் அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார்.

போங்கள். நானும் நீச்சல் தெரியாமல்தான் போனேன். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவன், ஆனால் காவிரியில் முழங்காலுக்கு மேல் இறங்க வீட்டில் விட்டதே இல்லை. அப்புறம் அடுத்த இரண்டு வருடமும் அதே பயணத்தில் புது மாணவர்களைக் கூட்டிப்போகும் லீடராகவும் இருந்தேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில், இது ஏதோ புதிதாகக் கிளம்பிய வியாபாரம் என்று உங்கள் அப்பா சந்தேகப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். இல்லை. டார்ட்மத் கல்லூரியில் 1935ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. பிரின்ஸ்டனில் 1974இல் தொடங்கினார்கள், யேலில் 1984இல். இன்றைக்கு எத்தனையோ கல்லூரிகளில் இருக்கிறது. ஏற்பாடு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழு, அவர்களை நடத்திப்போக மூத்த மாணவர்கள் இரண்டு பேர், கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள், குளியல் கிடையாது. வயதில் இரண்டு மூன்று வருடம் பெரியவர்களை நம்பியா அனுப்புவது என்று கேட்டால், நியாயமான கேள்விதான், ஆனால் அந்த இரண்டு பேரும் மருத்துவமனை எட்டாத இடத்தில் செய்யவேண்டிய முதலுதவிக்குத் தனியாகப் பயிற்சி எடுத்தவர்கள். நான் எடுத்த பயிற்சி எழுபது மணி நேரத்துக்கு மேல். கால் முறிந்தவனைத் துடுப்பையும் பாயையும் வைத்துக் கட்டித் தூக்குவதிலிருந்து ஆரம்பித்து.

நான் போன இடம் பவுண்டரி வாட்டர்ஸ். மினசோட்டா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், கனடா எல்லையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் கிடக்கும் காடு. பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல், நான்கு படகுக்கு மேல் கூடாது. தகர டப்பாவும் கண்ணாடி பாட்டிலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதனால் நாங்கள் லீடரோடு சேர்த்து ஒன்பது பேர், மூன்று கேனோ, ஒவ்வொன்றிலும் மூன்று பேர். முன்னால் ஒருவர், பின்னால் திசை பார்ப்பவர் ஒருவர், நடுவில் மூட்டைகளோடு மூட்டையாக ஒருவர். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குத் துடுப்பு இல்லை, வேலையும் இல்லை. அந்த ஆளை அங்கே 'டஃபர்' என்பார்கள். முறை வைத்து எல்லோரும் டஃபர் ஆகவேண்டும்.

கேனோ என்றதும் ஜாலியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டே போவது என்று நினைத்திருந்தேன். ஒரு ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் வரை நடுவில் காட்டுப் பாதை இருக்கிறதே, அதில் மூட்டை, படகு எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும் என்பதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. இதற்குப் பெயர் போர்ட்டேஜ். அந்தக் காலத்துத் தோல் வியாபாரப் படகோட்டிகள் வைத்துவிட்டுப் போன பிரெஞ்சு வார்த்தை. அவர்கள் ஆளுக்குத் தொண்ணூறு பவுண்டுக் கட்டு இரண்டைத் தூக்கிக்கொண்டு இதே பாதைகளில் போவார்களாம், அதாவது எண்பது கிலோ. பாதையின் நீளத்தை மைலில் சொல்லமாட்டார்கள், 'ராட்' என்ற அளவில்தான் வரைபடத்தில் போட்டிருக்கும். ஒரு ராட் பதினாறரை அடி, கிட்டத்தட்ட ஒரு கேனோ நீளம். எங்கள் முதல் போர்ட்டேஜ் நூறு ராட்டுக்கு மேல், அதாவது அரை கிலோமீட்டர். இவ்வளவுதானா என்றுதான் எனக்கும் தோன்றியது. எங்களுடையவை பழைய அலுமினியப் படகுகள், ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, நடுவில் இருக்கும் குறுக்குக் கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரே ஆள் நடக்கவேண்டும். தலை முழுக்கப் படகுக்குள் இருக்கும், கண்ணுக்கு முன்னால் தரையில் ஐந்தாறு அடிதான் தெரியும், நம் மூச்சு தகரத்தில் பட்டு நமக்கே திரும்பிக் கேட்கும். கொசு வந்து மூக்கில் உட்கார்ந்தால் ஓட்ட முடியாது, இரண்டு கையும் மேலே. நான் முதல் தடவை முப்பது அடி தூரம்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். அப்புறம் கன்சாஸிலிருந்து வந்திருந்த ஒரு பையன் எதுவும் சொல்லாமல் வந்து வாங்கிக்கொண்டான். நான்காம் நாள் ஒரு சின்னப் போர்ட்டேஜ் முழுவதையும் நானே கடந்தேன். நாற்பது ராட் இருக்கும். அம்மாவிடம் நானூறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, நீச்சலுக்கு வருகிறேன். படிவத்தில் நீச்சல் தெரியுமா என்று கேட்பார்கள், தெரியாது என்றே எழுதுங்கள். சில கல்லூரிகளில் நீச்சல் தேர்வு வைக்கிறார்கள், அங்கே கேனோ கிடைக்காமல் போகலாம், நடைப் பயணம் கிடைக்கும், அது ஒன்றும் குறைச்சல் இல்லை. எங்கள் பயணத்தில் படகில் இருக்கும் நேரம் முழுக்க மிதவை அங்கியைக் கழற்றக்கூடாது என்பதுதான் விதி, நீந்தத் தெரிந்தவனுக்கும் சேர்த்து. காற்று பலமாக அடித்தால் பெரிய ஏரியின் நடுவே போகவிடமாட்டார்கள். ஒருநாள் மத்தியானம் முழுக்க அலை அடங்கட்டும் என்று ஒரு பாறை மேல் சீட்டு விளையாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இடி கேட்டால் உடனே கரை. ஐந்து நாளில் நான் தண்ணீரில் விழுந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் கரையில் இறங்கும்போது பாசியில் வழுக்கி, இடுப்பளவு ஆழத்தில்.

எனக்கு நிஜமாகவே ஆபத்து வந்தது தண்ணீரால் இல்லை, 'ஐ ஆம் ஃபைன்' என்ற மூன்று வார்த்தையால். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் காலையிலிருந்தே மழை, விடாத தூறல். பருத்தித் துணி வேண்டாம் என்று பட்டியலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் ஜீன்ஸும் பனியனும் போட்டு மேலே மழைக் கோட்டு மாட்டியிருந்தேன். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். திருச்சி வெயிலுக்கு அது வரம், அங்கே அது எமன். அன்றைக்கு என் முறை டஃபர். துடுப்புப் போடுகிறவர்களுக்கு உடம்பு சூடாகிறது, நான் நடுவில் ஈரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். லீடர் பெண் அடுத்த படகிலிருந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான்கு தடவை கேட்டார், நான்கு தடவையும் ஐ ஆம் ஃபைன். புது ஊர், புது மனிதர்கள், வந்த இரண்டாம் நாளே குளிருகிறது என்று எப்படிச் சொல்வது, நம்மால் எல்லோருக்கும் சிரமம் என்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது தடவை அவர் கேள்வியை மாற்றினார். உன் அங்கியின் பக்கிளைக் கழற்றி மாட்டு பார்க்கலாம் என்றார். என் விரல்கள் வேலை செய்யவில்லை. பக்கிள் கையில் இருக்கிறது, அழுத்த முடியவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு குழறியது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் பத்து நிமிடத்துக்குள். மூன்று படகும் பக்கத்துக் கரைக்குப் போயின, இரண்டு பேர் மரங்களுக்கு நடுவே தார்ப்பாயைக் கட்டினார்கள், ஈர உடை முழுக்கக் கழற்றி யாரோ ஒருவரின் கம்பளிச் சட்டையை மாட்டி உறக்கப் பைக்குள் திணித்தார்கள், அடுப்பு பற்றவைத்துச் சூடாகச் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி சிவப்பாக ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஜெல்லிப் பொடியைச் சுடுதண்ணீரில் கரைத்தது, குளிரில் விறைத்தவர்களுக்கு அங்கே வழக்கமாகக் கொடுப்பது. அது விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் ஜெலட்டின் என்பது எனக்கு அப்போது தெரியாது, மூன்று கோப்பை குடித்தேன். (நீங்கள் சுத்த சைவம் என்றால் சூடான சாக்லேட் கேளுங்கள். நெருப்பில் வாட்டித் தரும் மார்ஷ்மெல்லோவும் அதே ஜெலட்டின்தான்.)

அன்று ராத்திரி லீடர் திட்டவில்லை. நீ சொல்லாமல் இருந்தது எங்களுக்குச் சௌகரியமா, சொல்லியிருந்தால் சௌகரியமா என்று மட்டும் கேட்டார். சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம் நின்று சட்டை மாற்றிக்கொண்டு போயிருப்போம், சொல்லாததால் அரை நாள் போச்சு. நம் வீட்டில் வேண்டாம் என்றால்தான் இலையில் இன்னொரு இட்லி விழும், பரவாயில்லை என்றால் பரவாயில்லை இல்லை என்று பெரியம்மாவுக்குத் தெரியும். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பாத்திரம் அடுத்த ஆளிடம் போய்விடும். முதல் நாள் ராத்திரி நான் அரை வயிற்றோடு படுத்ததும் அதனால்தான். லீடராகப் போன வருடங்களில் இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் வெடித்த பிறகும் சிரித்துக்கொண்டே நடந்த பெண் ஒருத்தி இருந்தாள். தோல் சிவந்து உறுத்தும்போதே சொல்லியிருந்தால் ஒரு துண்டுப் பிளாஸ்டரோடு முடிந்திருக்கும்.

நடையா கேனோவா என்று கேட்டிருந்தீர்கள். நடையில் கூடாரம், சோறு, துணி எல்லாம் நாள் முழுக்க உங்கள் இடுப்பிலும் தோளிலும்தான். கேனோவில் ஏரி தூக்கிக்கொள்ளும், போர்ட்டேஜில் மட்டும் மொத்தமாக உங்கள் தலையில் ஏறும். நடக்கும்போது பேச்சு வரிசையில் முன்னாலும் பின்னாலும் இருப்பவரோடுதான், மேட்டில் அதுவும் நின்றுவிடும். படகில் மணிக்கணக்காக மூன்று பேர் ஒரே இடத்தில், அதுவும் முகத்தைப் பார்க்காமல் பேச்சு, அதனாலோ என்னவோ ஆங்கிலம் தடுமாறினாலும் கூச்சம் வரவில்லை. என் ஓட்டு கேனோவுக்கு. ஆனால் முதுகுவலி இருந்தால் இரண்டையும் யோசியுங்கள்.

கழிப்பறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்க நினைத்திருப்பீர்கள். பவுண்டரி வாட்டர்ஸில் ஒவ்வொரு முகாமிலும் கொஞ்சம் உள்ளே தள்ளி, மரங்களுக்கு நடுவே ஒரு பெட்டி இருக்கும். சுவர், கதவு, கூரை எதுவும் கிடையாது. நடைப் பயணத்தில் பல இடங்களில் அதுவும் இல்லை, கைக்கொத்தால் ஆறிலிருந்து எட்டு அங்குலம் குழி தோண்டவேண்டும், தண்ணீரிலிருந்து இருநூறு அடி தள்ளி. ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் தனியாக எடுத்துப்போய்த் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள், கழுவுவதையும் ஏரியிலிருந்து தள்ளியே செய்யுங்கள். மூன்றாம் நாள் குழுவில் இரண்டு பேர் என்னிடம் அந்த முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள், பெயர் சொல்லமாட்டேன்.

அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். லீடரிடம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருக்கிறதா என்று கல்லூரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அவருக்குக் காட்டுங்கள். இரண்டாவது, ஐந்து நாள் ஃபோன் வராது என்பதை முன்கூட்டியே தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அறுபத்திரண்டு தவறிய அழைப்பு, அதில் பாதி சித்தப்பா.

விசா விஷயம் ஒன்று. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் உங்கள் படிப்பு தொடங்கும் தேதிக்கு முப்பது நாளுக்கு முன்னால்தான் உள்ளே விடுவார்கள், பயணத் தேதி அதற்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். இறங்கிய மறுநாளே காட்டுக்குப் போகாதீர்கள், தூக்கம் சரியாக மூன்று நான்கு நாளாவது விடுங்கள். கட்டணம் அதிகமாகத் தெரிந்தால் உதவி கேளுங்கள், பல கல்லூரிகளில் அதற்கென்றே பணம் வைத்திருக்கிறார்கள். உறக்கப் பை, மழைக் கோட்டு, பெரிய முதுகுப் பை எல்லாம் பெரும்பாலும் இரவல் கிடைக்கும், எதையும் புதிதாக வாங்காதீர்கள். ஷூ மட்டும் உங்களுடையதாக, ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டாம் என்று இனி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

சாப்பாடு: வெஜிடேரியன் என்று எழுதினால் முட்டை சாப்பிடுவீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள், முட்டையும் கிடையாது என்றால் அதைத் தனியாக எழுதுங்கள். ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், சீஸ், காய்ந்த பீன்ஸைத் தண்ணீரில் வேகவைத்து டார்ட்டியாவில் (சப்பாத்தி மாதிரி மெக்சிகோ ரொட்டி) சுருட்டியது, இதுதான் திரும்பத் திரும்ப வரும், பசியில் எல்லாம் உள்ளே போகும். கடையில் வாங்கிய பருப்புப் பொடி பாக்கெட் ஒன்று எடுத்துப்போங்கள். ராத்திரி அதைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது, அங்கே கருங்கரடி உண்டு, வாசனை வரும் எல்லாவற்றையும், பற்பசை உட்பட, சாப்பாட்டுப் பையோடு சேர்த்து லீடரிடம் கொடுத்துவிடவேண்டும். நான் அப்படிக் கொடுத்ததில்தான் பொடி எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் கன்சாஸ் பையன் அதை டார்ட்டியாவில் சீஸ் மேல் தூவித் தின்றுகொண்டிருந்தான், பாக்கெட்டில் அடிமண்டிதான் மிச்சம். இரண்டு பாக்கெட்டாகவே எடுத்துப்போங்கள்.